லண்டன் பச்சை பேட்ஜ்: நாலெட்ஜ் படிக்கப் புறப்படுகிறவர்களுக்கு

லண்டனில் மினிகேப் (முன்பதிவில் ஓடுகிற வாடகைக் கார்) ஓட்டுகிற நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் கறுப்பு டாக்ஸிக்கு மாறுகிற பேச்சு எப்படியும் வரும். 'அதுக்கு நாலெட்ஜ் படிக்க வேணும், ஞாபகசக்தி உள்ளவனுக்குத்தான் சரிவரும்' என்று அங்கேயே முடிந்தும் விடும். லண்டன் வீதிகள் மனப்பாடமா என்று கறுப்பு டாக்ஸிக்கு வருகிறவர்களைச் சோதிக்கிற தேர்வுதான் நாலெட்ஜ், தேறினால் கிடைப்பது பேட்ஜ். ஞாபகசக்தி என்று பொதுவாகச் சொல்வதில் பெரிய பிரயோசனம் இல்லை. ஒரு ஊரை ஒவ்வொருவர் தலையும் ஒவ்வொரு விதமாகப் பிடித்து வைக்கிறது. உங்கள் தலை எந்த விதம் என்று முதலில் தெரிந்துகொண்டால் பல மாத அலைச்சல் மிச்சம். நான் இதற்குள் இறங்கித் திணறியபோது யாரும் இதைச் சொல்லவில்லை. அதனால் படிவம், கட்டணம் எல்லாவற்றோடும் சேர்த்து இதையும் எழுதுகிறேன்.

கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. கீழே உள்ள தொகைகள் நான் கட்டிய காலத்தவை. விண்ணப்பிக்கிற அன்று டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்துத் துறை) தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. எந்த பேட்ஜ் என்று முடிவெடுங்கள்

பச்சை பேட்ஜ் என்றால் லண்டன் முழுவதும் ஓட்டலாம். மஞ்சள் பேட்ஜ் என்றால் புறநகர். அது ஒன்பது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் எடுத்த பகுதிக்குள்தான் வீதியில் ஆள் ஏற்றலாம். மஞ்சளுக்குப் பாடம் குறைவு, சீக்கிரம் முடியும். இந்தக் கட்டுரை பச்சையைப் பற்றியது.

பச்சைக்குப் பாடம் இதுதான்: சாரிங் கிராஸை நடுவாக வைத்து ஆறு மைல் ஆரத்துக்குள் இருக்கிற சுமார் 25,000 வீதிகள். அவற்றைப் படிக்க 'ப்ளூ புக்' என்கிற பட்டியலில் 320 பாதைகள் தருவார்கள். ஒவ்வொன்றையும் 'ரன்' என்பார்கள். ரன் தொடங்குகிற இடத்தையும் முடிகிற இடத்தையும் சுற்றிக் கால் மைலுக்குள் உள்ள ஆஸ்பத்திரி, ஹோட்டல், கோர்ட், கிளப், தூதரகம், தேவாலயம் எல்லாம் 'பாயின்ட்'. வீதியை விடப் பாயின்ட்தான் ஆளைச் சாப்பிடும்.

மூன்று முதல் நான்கு வருடம் போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் அதையே சொல்லுங்கள். 'இரண்டு வருடத்தில் முடித்துவிடுவேன்' என்று மனைவியிடமோ கணவரிடமோ சொல்லாதீர்கள்.

2. உங்கள் தலைக்குள் லண்டன் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்

பணம் எதுவும் செலவழிக்கும் முன் வீட்டு மேசையிலேயே மூன்று சோதனை செய்யலாம். போனைத் தள்ளி வையுங்கள்.

முதல் சோதனை: இருக்கிற இடத்திலிருந்து ஹீத்ரோ, பிக் பென், கனரி வார்ஃப் மூன்றும் எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டுங்கள். பிறகு போனில் உள்ள திசைகாட்டியையும் வரைபடத்தையும் வைத்துச் சரிபாருங்கள்.

இரண்டாவது: வெள்ளைத் தாளில் பட்னியிலிருந்து டவர் பிரிட்ஜ் வரை தேம்ஸ் நதியை வரைந்து, தெரிந்த பாலங்களைப் போடுங்கள். பெரும்பாலானவர்கள் மேற்கிலிருந்து கிழக்குக்கு ஒரு நேர்கோடு போடுவார்கள். உண்மையில் வாக்ஸ்ஹாலிலிருந்து நதி வடக்கு நோக்கி ஓடி, வாட்டர்லூவுக்கு அருகில்தான் கிழக்கே திரும்புகிறது. அதனால் பாராளுமன்றம் நதிக்கு மேற்கே நிற்கிறது, எதிரே செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி கிழக்கே. இது தலையில் ஏறாத வரைக்கும் தென்கரை ரன்கள் எல்லாம் கோணலாகவே வரும்.

மூன்றாவது: தினமும் ஓட்டுகிற ஒரு பாதையைத் தலைகீழாக, முடிவிலிருந்து தொடக்கத்துக்கு, வீதிப் பெயர்களோடு வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மூன்றிலும் எது வந்தது, எது வரவில்லை என்று பார்த்தால் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். சிலருக்கு ஊர் ஒரு வரிசையாக இருக்கும்: இடது, வலது, நேரே, பிறகு வலது. வரிசையை அப்படியே ஒப்பிப்பார்கள், ஆனால் நடுவில் ஒரு வீதியை மூடிவிட்டால் நின்றுவிடுவார்கள். சிலருக்கு மேலிருந்து பார்க்கிற படமாக இருக்கும். எங்கே விட்டாலும் திசை தெரியும், ஆனால் வீதிப் பெயரும் 'இங்கே வலது திரும்பக்கூடாது' என்பதும் வழுக்கிவிடும். இன்னும் சிலர் அடையாளங்களால் வாழ்கிறவர்கள். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் 'வைரவர் கோயிலடியால் திரும்பி, சங்கக்கடை தாண்டி' என்று வழி சொல்லி வளர்ந்த பலர் இந்த வகை. பாயின்ட் படிப்பதில் இவர்களை அடிக்க ஆள் இல்லை, இரண்டு பாயின்டை இணைக்கிற நேர்வழியில்தான் தடுமாறுவார்கள்.

பெரும்பாலானவர்கள் கலவைதான். ஆனால் எது பலவீனம் என்பதை எழுதி வையுங்கள், கீழே 5, 6 பகுதிகளில் அது வேண்டும்.

சின்ன வயதுச் சூழலுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்கிற போன் விளையாட்டை வைத்து 38 நாடுகளில் கிட்டத்தட்ட நான்கு லட்சம் பேரின் வழி கண்டுபிடிக்கும் திறனை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்களும் வளைந்து நெளிந்த வீதிகளில் வளர்ந்தவர்களும் சராசரியில் கொஞ்சம் முன்னே நின்றார்கள். சிகாகோ மாதிரிக் கட்டம் போட்ட நகரங்களில் வளர்ந்தவர்கள் பின்னே. சராசரிக் கணக்குத்தான், உங்களுக்குப் பேட்ஜ் கிடைக்குமா என்று அது சொல்லாது. ஊரில் ஒழுங்கைக்குள் சைக்கிள் விட்டவர்கள் கொஞ்சம் தெம்பாக இருந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே, நன்றாகப் பழகிய இடத்தில்கூட, தினமும் வழி தவறுகிறவர்கள் இருக்கிறார்கள். மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரராக இருப்பார்கள். இப்படி ஒரு நிலை உண்டு என்று கனடா ஆய்வாளர்கள் 2009இல் விவரித்து எழுதினார்கள். உங்களுக்கு அப்படி என்றால் முழுதாக இறங்கும் முன் 5ஆம் பகுதியில் உள்ளதை முதல் 80 ரன்களுக்கு மட்டும் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சாட்நாவ் (வழிகாட்டும் கருவி) வைத்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு அவசர வேலை: வரைபடம் வண்டியோடு சேர்ந்து சுழல்கிற அமைப்பை இன்றே நிறுத்தி, வடக்கு எப்போதும் மேலே இருக்கும்படி மாற்றுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். ட்யூப் என்கிற சுரங்க ரயில் வரைபடத்தையும் நம்பாதீர்கள். அதில் கொவென்ட் கார்டனுக்கும் லெஸ்டர் ஸ்குவேருக்கும் நடுவே இடைவெளி தாராளமாகத் தெரியும். நடந்தால் 300 மீட்டர்கூட இல்லை.

3. காகிதங்கள்

விண்ணப்பம் தாமதமாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முழு டிரைவிங் லைசென்ஸ், இங்கே வேலை செய்ய உரிமை இருப்பதற்கான அத்தாட்சி (விசாவில் இருப்பவர்கள் ஷேர் கோட் என்கிற இணையக் குறியீடு), விரிவான டிபிஎஸ் குற்றப் பதிவுச் சோதனை, மருத்துவப் படிவம். விண்ணப்பிக்க 18 வயது போதும், லைசென்ஸ் கையில் கிடைக்க 21 ஆகியிருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், டிரைவிங் லைசென்ஸில் பின்னால், வங்கியில் வெறும் இனிஷியல் என்று மூன்று விதமாக இருக்கும். டிபிஎஸ் போடும் முன் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குங்கள். முடியாவிட்டால் பழைய வடிவங்கள் அத்தனையையும் 'வேறு பெயர்கள்' பகுதியில் எழுதுங்கள். ஐந்து வருட முகவரிகளையும் இடைவெளி இல்லாமல் கேட்பார்கள். வாடகை வீடு மாறி மாறி இருந்தவர்கள் தேதிகளை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கடந்த மூன்று வருடத்துக்குள் தொடர்ந்து மூன்று மாதமோ அதற்கு மேலோ வேறு நாட்டில் இருந்திருந்தால் அந்த நாட்டின் நன்னடத்தைச் சான்றிதழும் வேண்டும். அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய் நான்கு மாதம் நின்றவர்கள் இதை மறந்துவிடுவார்கள். இலங்கை பொலிஸ் சான்றிதழுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முதல் வேலையாக அதைப் போடுங்கள்.

மருத்துவப் பரிசோதனை சாதாரணக் கார் லைசென்ஸுக்கு உரியது அல்ல, லாரி, பஸ் ஓட்டுநர்களுக்கு உள்ள 'குரூப் 2' தரம். உங்கள் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கக்கூடிய டாக்டர்தான் படிவத்தை நிரப்ப வேண்டும். இது என்ஹெச்எஸ் என்கிற அரசு மருத்துவச் சேவைக் கணக்கில் வராது, கையிலிருந்து கட்ட வேண்டும், கிளினிக்குக்குக் கிளினிக் கட்டணம் வேறு. இரண்டு மூன்று இடம் விசாரியுங்கள். சுகருக்கு இன்சுலின் போடுகிறவர்கள் மீட்டரில் எடுத்த அளவுகளின் பதிவும் நிபுணரின் கடிதமும் காட்ட வேண்டியிருக்கும். அதனால் இன்றிலிருந்தே பதிவை ஒழுங்காக வையுங்கள்.

பழைய தண்டனை, பெனால்டி பாயின்ட் எதையும் மறைக்காதீர்கள். சின்னக் குற்றம் பல நேரம் தடையாக இருக்காது. மறைத்தது தெரிந்தால் அதுவே தடை.

4. ஸ்கூட்டரும் மற்றச் செலவும்

காரில் ரன் ஓடலாம் என்று நினைப்பீர்கள். நிறுத்த இடம் இருக்காது, நெரிசல் கட்டணம் விழும், திரும்பிப் பார்க்க முடியாது. எல்லோரும் 125சிசி ஸ்கூட்டரில்தான் போகிறார்கள். அதற்கு நெரிசல் கட்டணம் இல்லை. யூலெஸ் என்கிற புகை மாசுக் கட்டணம் உண்டு: யூரோ 3 தரம் இல்லாத பழைய வண்டியை மலிவாக வாங்கினால் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்டி அழ வேண்டும். வாங்கும் முன் பதிவு எண்ணை டிஎஃப்எல் தளத்தில் போட்டுப் பாருங்கள்.

மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இல்லாதவர்கள் சிபிடி என்கிற ஒருநாள் பயிற்சி எடுத்து எல் போர்டு மாட்டி ஓட்டலாம். சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும். நாலெட்ஜ் அதற்கு மேல் போகும், ஆகவே இரண்டாவது முறையும் எடுக்க வேண்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கோட்டிலும் கையுறையிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜனவரியில் படிப்பை விடுகிறவர்கள் பலர் குளிரால்தான் விடுகிறார்கள்.

தேர்வுக் கட்டணங்கள்: எழுத்துத் தேர்வுக்கு 200 பவுண்டு, பிறகு நேர்முகங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவை 400 பவுண்டு. விண்ணப்பம், டிபிஎஸ், லைசென்ஸ் வழங்கல் இவற்றுக்குத் தனித்தனி. பெரிய செலவு இது எதுவும் அல்ல. படிக்கிற நேரத்தில் ஓட்டாமல் விடுகிற வேலைதான் பெரிய செலவு. அதைக் கணக்கில் எடுக்காமல் இறங்கினால் இரண்டாவது வருடத்தில் வீட்டுக் கடன் கழுத்தைப் பிடிக்கும்.

நாலெட்ஜ் பள்ளிக்கூடத்தில் சேர்வது கட்டாயம் இல்லை. எழுத்துத் தேர்வு வரைக்கும் பெரிய வரைபடமும் கூடப் படிக்க ஒரு ஆளும் போதும். நேர்முகம் தொடங்கியதும் சேருங்கள். அங்கேதான் தேர்வாளர்கள் இந்த வாரம் என்ன கேட்கிறார்கள் என்பது தெரியும்.

5. ரன் ஓடுவது

முதல் ரன் எல்லோருக்கும் ஒன்றுதான்: மேனர் ஹவுஸ் ஸ்டேஷனிலிருந்து கிப்சன் ஸ்குவேர். கிரீன் லேன்ஸ், பிரவுன்ஸ்வுட் ரோட், பிளாக்ஸ்டாக் ரோட், ஹைபரி பார்க், ஹைபரி குரோவ், செயின்ட் பால்ஸ் ரோட், ஹைபரி கார்னர், அப்பர் ஸ்ட்ரீட் என்று போகும்.

ஓடும் முன், முதல் நாள் இரவு: சுவரில் பெரிய லண்டன் வரைபடத்தை மாட்டி, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். இதைத்தான் 'காட்டன்' என்பார்கள். நூலுக்கு மிக அருகில் ஒட்டிப் போகிற சட்டபூர்வமான வழியே சரியான வழி. வேகமான வழியை யாரும் கேட்கவில்லை, மினிகேப் அனுபவம் இங்கேதான் குறுக்கே நிற்கும்.

ஓடுகிற நாள்: ஞாயிறு அதிகாலை முதல் தடவைக்கு நல்லது. வீதி காலியாக இருக்கும், பெயர்ப் பலகையை நின்று பார்க்கலாம். அதே ரன்னை ஒரு வேலை நாளிலும் ஓடுங்கள், திரும்பத் தடை, நேரக் கட்டுப்பாடு எல்லாம் அன்றுதான் கண்ணில் படும். ஸ்கூட்டருக்கு உள்ள விதியும் டாக்ஸிக்கு உள்ள விதியும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். பேங்க் ஸ்டேஷன் வீதிச் சந்திப்பில் வேலை நாட்களில் காலை 7 முதல் மாலை 7 வரை ஸ்கூட்டர் போக முடியாது. கறுப்பு டாக்ஸிகளை 2025 ஜூலையிலிருந்து பரீட்சார்த்தமாக விடுகிறார்கள். நீங்கள் படிப்பது டாக்ஸியின் வழியை.

பழைய குறிப்புகளை இனாமாகக் கொடுப்பார்கள், கவனம். முதல் ரன்னிலேயே ஹைபரி கார்னரில் பழைய ரவுண்டபவுட் இப்போது இல்லை. 2019இல் அதன் மேற்குப் பக்கத்தை மூடி, மீதியை இருவழி ஆக்கிவிட்டார்கள். குடியிருப்பு வீதிகளில் கவுன்சில்கள் வைத்திருக்கிற கேமராத் தடைகளும் பழைய குறிப்பில் இருக்காது.

இனி உங்கள் வகைக்கு ஏற்ற மாற்றம். வரிசையாகப் பிடிக்கிறவர்கள் ஒவ்வொரு ரன்னையும் திரும்பி வரும் வழியோடு சேர்த்து ஓடுங்கள், நடுவில் ஒரு வீதி மூடியிருப்பதாக வைத்துக்கொண்டு மாற்று வழியும் போய்ப் பாருங்கள். படமாகப் பிடிக்கிறவர்களுக்கு வரைபடத்தின் முன் உட்கார்ந்திருக்கத்தான் ஆசை வரும். அதைக் குறைத்து, வீதியில் நின்று பெயரைச் சத்தமாகப் படியுங்கள். அடையாளக்காரர்கள் பாயின்ட் சேர்ப்பதை நிறுத்த மாட்டீர்கள், அது தெரிந்ததுதான். ஒவ்வொரு பாயின்டுக்கும் 'எந்த வீதியில், எந்தப் பக்கம், எப்படிப் போய் இறக்குவது' என்று மூன்றையும் எழுதாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

முதல் 80 ரன் முடிந்ததும் டிஎஃப்எல் நடத்துகிற சுயமதிப்பீட்டுத் தேர்வு ஒன்று உண்டு. கட்டாயமில்லை, கட்டணமும் இல்லை. கட்டாயம் எழுதுங்கள்.

6. வாயால் சொல்லிப் பழகுங்கள்

தேர்வாளர் முன்னால் உட்காரும்போது உங்களிடம் வரைபடம் இருக்காது. நினைவிலிருந்தே வழியைச் சொல்ல வேண்டும். அதற்கு 'கால் ஓவர்': இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் சொல்ல, மற்றவர் வரைபடத்தில் விரலை ஓட்டிச் சரிபார்ப்பது. தனியாகப் படித்துத் தேறினவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கூட்டாளியைத் தேடும்போது உங்களைப் போலவே யோசிக்கிறவரைத் தேடாதீர்கள். வரிசைக்காரர் இருவர் சேர்ந்தால் பாட்டு மாதிரி ஒப்பிப்பார்கள், இருவருமே திசை தெரியாமல் இருப்பார்கள். வரிசைக்காரரும் படக்காரரும் சேர்ந்தால் சண்டை வரும், ஆனால் இருவரும் தேறுவார்கள்.

தமிழிலேயே கால் ஓவர் செய்யலாமா என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் சரி. ஆறு மாதத்துக்குள் ஆங்கிலத்துக்கு மாறுங்கள். 'லீவ் ஆன் லெஃப்ட்', 'ஃபார்வர்ட்', ரவுண்டபவுட்டுக்கு 'கம்ப்ளை', அதிலிருந்து வெளியேற 'லீவ் பை' என்று தேர்வில் ஒரு மொழி இருக்கிறது, அது யோசிக்காமல் வாயில் வர வேண்டும். கண்ணை மூடினால் படமே வராது என்கிறவர்கள் பயப்பட வேண்டாம். சத்தமாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏற்றலாம், அப்படித் தேறினவர்கள் இருக்கிறார்கள்.

7. எழுத்துத் தேர்வு

இரண்டு பகுதி. ப்ளூ புக்கிலிருந்து ஐந்து ரன்கள், ஒவ்வொன்றுக்கும் கொடுத்த வழிகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் 25 பாயின்ட்கள் எங்கே என்று குறிக்க வேண்டும். 60 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. தொடங்கி இரண்டு வருடத்துக்குள் எழுத வேண்டும். படக்காரர்களுக்கு இது சுலபம். சுலபமாக வந்துவிட்டதே என்று அடுத்த கட்டத்தை அவர்கள் குறைவாக எடை போடுவார்கள்.

8. அப்பியரன்ஸ் என்கிற நேர்முகம்

இதுதான் நாலெட்ஜ். ஒரு அறை, ஒரு தேர்வாளர், நான்கு கேள்வி. 'இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு' என்பார். இரண்டும் எங்கே என்று முதலில் சொல்ல வேண்டும், பிறகு வழி. தரம் ஏ என்றால் 6 புள்ளி, பி என்றால் 4, சி என்றால் 3, டி என்றால் ஒன்றுமில்லை. ஒரு கட்டத்தில் ஏழு முறைக்குள் 12 புள்ளி சேர்க்க வேண்டும். நான்கு டி விழுந்தால் அந்தக் கட்டத்தை மறுபடி முதலிலிருந்து. அதே கட்டத்தில் திரும்பவும் அப்படியானால் ஒரு படி கீழே இறக்குவார்கள்.

கட்டம் மூன்று. இரண்டு நேர்முகத்துக்கு நடுவே சுமார் எத்தனை நாள் என்பதுதான் பெயர்: 56, 28, 21. ஐம்பத்தாறில் கேள்விகள் ப்ளூ புக்கை ஒட்டி இருக்கும். இருபத்தெட்டில் விலகும். இருபத்தொன்றில் போன மாதம் திறந்த உணவகத்தைக்கூடக் கேட்பார்கள்.

கோட் சூட், டை, மினுக்கின சப்பாத்து. தேர்வாளரை 'சார்', 'மேடம்' என்று கூப்பிடுங்கள். உரிய நேரத்துக்கு அரை மணி முன்பே போய் உட்காருங்கள். பாயின்ட் தெரியாவிட்டால் தெரியாது என்று உடனே சொல்லுங்கள், வேறு ஒன்று தருவார், மதிப்பெண் குறையும், ஆனால் ஊகித்து இல்லாத இடத்தில் இறக்குவதைவிட மேல்.

பதற்றத்தில் தலை போகிற விதமும் ஆளுக்கு ஆள் வேறு. வரிசைக்காரருக்கு ஒரு வீதி விழுந்தால் பின்னால் உள்ளது எல்லாம் விழும். அவர்கள் வாய் திறக்கும் முன் நதியைத் தாண்டுகிறோமா, எந்தப் பாலம், எந்தத் திசை என்று மட்டும் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். படக்காரருக்கு வழி முழுக்கத் தெரியும், பெயர் வராது. அவசரப்படாமல் முந்தின சந்தியில் நின்று பெயர்ப் பலகையை நினைவுக்குக் கொண்டுவர முயலுங்கள். வாரக் கடைசியில் ஓடாமல் வரைபடத்தில் மட்டும் படித்தவர்களுக்கு அந்தப் பலகை வராது.

9. வாரத்துக்கு எவ்வளவு நேரம்

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் எலினர் மக்வயரும் கேத்தரின் வூலெட்டும் 79 நாலெட்ஜ் மாணவர்களைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்து 2011இல் எழுதினார்கள். 39 பேர் தேறினார்கள். தேறினவர்களுக்கு மூளையில் இடநினைவுக்குரிய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி தடித்திருந்தது, தேறாதவர்களுக்கு இல்லை. ஆரம்பத்தில் இரு தரப்புக்கும் அதில் வித்தியாசம் இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வித்தியாசம் இருந்தது நேரத்தில்: தேறினவர்கள் வாரத்துக்குச் சராசரி 34 மணிக்குக் கொஞ்சம் மேல் படித்தார்கள், தேறாதவர்கள் 17 மணிக்கும் குறைவு. (சிக்கலான ஒரு படத்தைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் கழித்து நினைவிலிருந்து வரைகிற சோதனையில் டாக்ஸிக்காரர்கள் மற்றவர்களைவிடக் கீழே வந்தார்களாம். வீட்டில் பால் வாங்க மறந்தால் சொல்ல ஒரு காரணம்.)

ஆக, இரவு மினிகேப் ஓட்டிவிட்டு மிச்ச நேரத்தில் படிக்கலாம் என்பது நடக்காது. காலை ஆறிலிருந்து பத்து வரை ரன், மாலை இரண்டு மணி நேரம் கால் ஓவர், ஞாயிறு முழுவதும் என்று வைத்தால்தான் அந்த 34க்குக் கிட்டே வரும். வேலையைக் குறைக்க முடியாதவர்கள் மஞ்சள் பேட்ஜைப் பற்றி யோசியுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

10. கடைசிப் படிகள்

இருபத்தொன்றுகள் முடிந்தால் ஆறு மைலுக்கு வெளியே உள்ள புறநகர்ப் பாதைகளில் ஒரு தேர்வு இருக்கிறது. களைத்துப்போய் அதை அலட்சியமாக எடுத்துத் தடுக்கி விழுகிறவர்கள் உண்டு. டிபிஎஸ்ஸும் மருத்துவமும் இதற்குள் பழையதாகியிருந்தால் புதிதாகக் கேட்பார்கள், இருபத்தொன்றுக்குள் நுழையும்போதே தேதிகளைப் பாருங்கள்.

லைசென்ஸ் மூன்று வருடத்துக்கு. வண்டியை உடனே வாங்கப் பாய வேண்டாம். புது மின்சார டாக்ஸி 60,000 பவுண்டுக்கு மேல், வாடகைக்கு எடுத்தாலே வாரம் 300 பவுண்டைத் தாண்டும். கராஜ்காரர்கள் பேட்ஜ் வருகிற வாரத்திலேயே போன் பண்ணத் தொடங்குவார்கள். குறைந்தது மூன்று மாதம் வாடகை வண்டியில் ஓடி, எந்த நேரம், எந்த ஸ்டேஷன் ராங்க் (டாக்ஸிகள் வரிசையில் நிற்கிற இடம்) உங்களுக்கு ஒத்துவருகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இன்சூரன்ஸும் பழுதானால் மாற்று வண்டியும் அடங்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.